வான்கோவின் ‘உருளைக்கிழங்கு உண்போர்’: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வான்கோ என்றாலே மஞ்சள் சூரியகாந்திதான் நினைவுக்கு வருகிறது. இந்த ஓவியம் மட்டும் ஏன் இத்தனை இருட்டு?

பதில்: ஓர் உழவர் குடும்பம் குடிசையில் கிழங்கு உண்ணும் காட்சி இது; சூரியகாந்திக்கு மூன்று ஆண்டு முந்தியது. 1885 ஏப்ரல், மே மாதங்களில் நெதர்லாந்தின் நூனன் கிராமத்தில் வரைந்தார். இருட்டு தற்செயலாக வந்ததல்ல. முகங்களை முதலில் மஞ்சள் காவி, செங்காவி, வெள்ளை கலந்துதான் தீட்டினார். வெளிச்சம் மிகுந்துபோயிற்று. உடனே அவற்றின் மேல், மண் ஒட்டிய, தோல் உரிக்காத கிழங்கின் நிறத்தைப் பூசினார். தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார்.

கேள்வி: நகலெடுத்துப் பார்க்கிறேன். வெள்ளைத் தொப்பிகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன, மற்றதெல்லாம் சேறாகிவிடுகிறது.

பதில்: வெள்ளையை அப்படியே வைப்பதுதான் முதல் தவறு. அந்தத் தொப்பிகளில் வெள்ளை வண்ணம் அநேகமாக இல்லை. வெர்மிலியன் சிவப்பு, பாரிஸ் நீலம், நேப்பிள்ஸ் மஞ்சள் மூன்றும் சேர்ந்த சாம்பல் அது. தனியே பார்த்தால் இருண்டிருக்கும்; சுற்றிலும் அதைவிட இருட்டு இருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது.

நேப்பிள்ஸ் மஞ்சளை நிறைய எடுங்கள். சிவப்பைக் கொஞ்சம் சேருங்கள். நீலத்தைக் கடைசியில், குண்டூசித் தலை அளவு மட்டும். பாரிஸ் நீலம் (பிரஷ்யன் நீலமும் இதுவே) ஒரு துளியிலேயே கலவை முழுவதையும் விழுங்கிவிடும். வெர்மிலியனில் பாதரசம் உண்டு, காட்மியம் சிவப்பே போதும். சேறாவதற்குக் காரணம், நிழலுக்கெல்லாம் கறுப்பைக் கலப்பது. கலவையை வெள்ளைத் தட்டில் வைத்து எடைபோடாதீர்கள். முதலில் ஓவியத் துணியைப் பழுப்பாக்கி, அதன் மேல் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: கிழங்கைத் தவிர வேறு உணவு இல்லையா?

பதில்: இல்லை. நடுவில் ஒரே தட்டு. அதிலிருந்தே குத்தி எடுக்கிறார்கள். வலப்பக்கத்துக் கிழவி ஊற்றுவது காப்பி.

கேள்வி: கைகளெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருக்கின்றனவே, வரையத் தெரியாததாலா?

பதில்: அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க உழவர் தலைகளாக வரைந்து பழகியவர் அவர். தட்டை நோக்கி நீளும் இதே கைகள்தான் மண்ணைக் கிண்டின என்று காட்டுவதே நோக்கம். ஓவிய நண்பர் ரப்பார்ட் மட்டும் கடுமையாகத் திட்டினார்: அதிலுள்ள ஓர் ஆளுக்கு முழங்கால் இல்லை, நுரையீரல் இல்லை, கை குட்டை என்று. ஆனால் அவர் அப்போது பார்த்தது எண்ணெய் ஓவியத்தை அல்ல, கல்லச்சுப் பிரதியை (கல்லில் வரைந்து காகிதத்தில் அச்சிட்டது). உடலமைப்பில் பிழைகள் உண்மையிலேயே உண்டு. அவற்றைத் திருத்தி வழவழப்பாக்கினால் அந்தக் குடிசை போய்விடும் என்பதே என் கருத்து.

கேள்வி: என்னிடமுள்ள படத்தில் காப்பி ஊற்றும் கிழவி இடப்பக்கம் இருக்கிறாள். போலியா?

பதில்: கல்லச்சாக இருக்கும். வான்கோ கல்லில் நேராக வரைந்துவிட்டார். அச்சில் இடம் வலமாயிற்று.

கேள்வி: நேரில் எங்கே பார்க்கலாம்?

பதில்: ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தில், 82க்கு 114 சென்டிமீட்டர். சற்று முந்தைய வடிவம் ஒட்டர்லோவின் குரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அச்சுப்படம் வாங்கி மாட்டுகிறவர்கள் கறுப்புச் சட்டம் போடாதீர்கள். பொன்னிறச் சட்டமோ, முற்றிய கோதுமை நிறச் சுவரோதான் இதற்குப் பொருந்தும் என்று வான்கோவே சொல்லியிருக்கிறார். மங்கலான பின்னணியில் அந்த இருட்டின் உள்ளே இருக்கும் நீலம் கண்ணுக்கே படாது.