மெட்ஃபார்மின் போட்டால் ஜிம்முக்குப் போவது வீணா?

கேள்வி: எனக்கு 61 வயது, ஆறு வருடமாகச் சுகர். காலை 6 மணிக்கு டீயோடு சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் நடப்பேன். வந்து குளித்துவிட்டு 8.30-க்குத்தான் டிபன். சமீபத்தில் வாரம் இரண்டு நாள் ஜிம்முக்கும் போக ஆரம்பித்திருக்கிறேன். மெட்ஃபார்மின் போட்டால் உடற்பயிற்சியின் பலன் கெட்டுவிடும் என்று ஜிம் டிரெய்னர் ஒரு வீடியோ அனுப்பினார். பயிற்சி நாட்களில் மட்டும் மாத்திரையை நிறுத்திவிடலாமா? அட்டையில் மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 2 என்று போட்டிருக்கிறது. (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: நிறுத்தாதீர்கள் ஐயா. அந்த வீடியோவில் சொன்னது கட்டுக்கதை இல்லைதான். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது மெட்ஃபார்மின் அல்ல, அந்த 6 மணி டீ. அதற்கு வருகிறேன்.

முதலில் வீடியோ விவகாரம். 2019-இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றில், அறுபது வயதை ஒட்டியவர்களுக்கு 12 வாரம் ஏரோபிக் பயிற்சி கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மெட்ஃபார்மின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. போலி மாத்திரை போட்டவர்களுக்குப் பயிற்சியால் உடலின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறனும், இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மையும் நன்றாகக் கூடின. மெட்ஃபார்மின் குழுவில் அந்த அளவுக்குக் கூடவில்லை. இன்னொன்றில் 65 வயதைத் தாண்டியவர்கள் 14 வாரம் எடை தூக்கினார்கள். அதிலும் போலி மாத்திரைக்காரர்களுக்கே தசை அதிகம் வளர்ந்தது.

காரணம் புரியாததல்ல. பயிற்சியின்போது தசைக்கு எரிபொருள் நெருக்கடி வருகிறது. அதைச் சமாளிக்கத் தசை செல்களுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா தன் திறனைக் கூட்டிக்கொள்கிறது. மெட்ஃபார்மின் அந்த மைட்டோகாண்ட்ரியாவின் வேலையைத்தான் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. அந்த மருந்து வேலை செய்யும் வழிகளில் அதுவும் ஒன்று.

இப்போது வீடியோவில் விடுபட்டது. இரண்டு ஆய்வுகளிலும் கலந்துகொண்டவர்கள் யாருக்கும் சுகர் கிடையாது. மருந்து தேவைப்படாதவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்த சோதனை அது. அதைவிட முக்கியம், முதல் ஆய்விலேயே உடல் கொழுப்பும் மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி குறைந்தன. எடை தூக்கிய ஆய்விலும் பலம் கூடியதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, மெட்ஃபார்மினோடு பயிற்சி செய்தவர்களும் வெறுங்கையோடு போகவில்லை.

ஆனால் மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்தால் இரட்டிப்புப் பலன் என்று நினைப்பதும் சரியில்லை. இதற்கு நம்மூர்ச் சான்றே இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சுகர் வரும் விளிம்பில் இருந்த 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்து மூன்று ஆண்டு கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்தது. நடை, உணவு மாற்றம் செய்த குழுவில் 39.3, மெட்ஃபார்மின் குழுவில் 40.5, இரண்டும் சேர்ந்த குழுவில் 39.5. சேர்த்ததால் கூடுதல் லாபமில்லை. இதுவும் சுகர் வருவதற்கு முன்னால் உள்ள கதை. உங்களுக்கு வந்து ஆறு வருடமாகிவிட்டதால், மாத்திரையா நடையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் நீங்கள் இல்லை. வாரம் இரண்டு நாள் மாத்திரையை விட்டால் அந்த நாட்களில் சுகர் ஏறுவதுதான் மிச்சம்.

சரி, 6 மணி டீ. உங்கள் அட்டையில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் இருக்கிறது. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சுகரை அபாயகரமாகத் தாழ்த்துவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். நீங்களோ அதைப் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் நடந்து, இரண்டரை மணி நேரம் கழித்து இட்லி சாப்பிடுகிறீர்கள். நடக்கும் தசை ஒரு பக்கம் சர்க்கரையை இழுக்க, இன்சுலின் இன்னொரு பக்கம் இறக்க, வயிற்றிலோ ஒன்றுமில்லை. இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றால் சந்தோஷம். இப்போது ஜிம்மும் சேர்ந்திருப்பதால் இனியும் இப்படியே விடக் கூடாது.

இது பொதுவாகக் காலை டிபனோடு போடச் சொல்லும் மாத்திரை. நடந்து வந்தபின் டிபனோடு போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். ஜிம் சேர்ந்ததையும் சொல்லுங்கள், கிளிமிபிரைடின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் கிளம்பும் முன் ஒரு சொட்டு ரத்தம் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

நடுவழியில் குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் சுகர் தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம், வீடு வரை சமாளித்துவிடலாம் என்று நடக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. பலர் சட்டைப்பையில் கடலை மிட்டாய் வைத்திருப்பார்கள். கொழுப்பு கலந்திருப்பதால் அதிலுள்ள சர்க்கரை நிதானமாகத்தான் ரத்தத்தில் ஏறும், அவசரத்துக்கு உதவாது. ஜிம் போன நாளில் சுகர் இரவில் இறங்குவதும் உண்டு, வீட்டம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. ஜிம் சேர்ந்த புதிதில் உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் ஐபுபுரோஃபன் வாங்கித் தினமும் போடுகிற பழக்கம் இருக்கிறது. ஸ்வீடனில் இளவயதினரை எட்டு வாரம் எடை தூக்க வைத்துப் பார்த்த ஆய்வில், தினம் 1200 மில்லிகிராம் ஐபுபுரோஃபன் போட்டவர்களுக்கு, சிறு அளவு ஆஸ்பிரின் போட்டவர்களைவிடத் தசை வளர்ச்சி ஏறக்குறைய பாதிதான். சுகர்க்காரரின் சிறுநீரகத்துக்கும் அது நல்லதல்ல. வலித்தால் எடையைக் குறைத்து, இரண்டு நாள் விட்டுப் போங்கள்.