உயிர் உரம் இட்டும் காய் திரளாதது ஏன்?

கேள்வி: ஜி9 திசு வளர்ப்பு வாழையை 1.8 மீட்டருக்கு 3.6 மீட்டர் இடைவெளியில், குழிக்கு மூன்று கன்றுகளாக நட்டேன். மூன்றாம் மாதம் குழிக்கு 20 கிராம் அசோஸ்பைரில்லம் என்னும் உயிர் உரத்தை யூரியாவோடு கலந்து வைத்தேன். பின்னர் ஒரே முறையாகக் குழிக்கு 500 கிராம் பொட்டாஷ் இட்டேன். சீப்புகள் போதுமான அளவில் வந்தும் காய்கள் ஒல்லியாகவே நின்றுவிட்டன. உயிர் உரத்தால் பயனில்லையா?
- தேனி மாவட்ட வாசகர்

பதில்: உயிர் உரத்தின் மேல் குறை சொல்லும் முன், குழிக்குள் இருக்கும் மரங்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். 1.8 மீட்டர் சதுர நடவில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 3,086 மரங்கள் நிற்கும். உங்கள் முறையிலோ 4,630 மரங்கள். இதனால் மொத்த மகசூல் கூடும் என்பது உண்மை. ஆனால் வெளிச்சமும் சத்தும் பங்குபோவதால் ஒவ்வொரு தாரும் சற்றுச் சிறுக்கும், அறுவடையும் தள்ளிப்போகும்.

தோட்டக்கால் வாழைக்கு மரம் ஒன்றுக்கு 110 கிராம் தழைச்சத்து, 35 கிராம் மணிச்சத்து, 330 கிராம் சாம்பல்சத்து என்பதும், திசு வளர்ப்புக் கன்றுக்கு இவற்றைப் பாதியளவு கூட்டி 2, 4, 6, 8ஆம் மாதங்களில் பிரித்து இட வேண்டும் என்பதும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பாதியளவு கூட்டிய சாம்பல்சத்து 495 கிராம்; அதை மட்டும் 60 சதவீதச் சத்துள்ள பொட்டாஷ் உரமாகக் கணக்கிட்டால் மரத்துக்கு 825 கிராம் ஆகிறது. நீங்கள் இட்ட 500 கிராமை மூன்று மரங்கள் பங்கிட்டுக்கொண்டதால், ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது அந்த 825 கிராமில் ஐந்தில் ஒரு பங்குதான்; நெருக்க நடவுக்காக அளவைச் சற்றுக் குறைத்துக்கொண்டாலும் இது மிகக் குறைவு. ஒரு தாரில் எத்தனை சீப்புகள் என்பது தார் வெளிவருவதற்கு வெகுமுன்பே தண்டுக்குள் முடிவாகிவிடுகிறது. ஆகவேதான் சீப்புகள் குறையவில்லை. இலையில் உருவாகும் சர்க்கரையைக் காய்க்குக் கொண்டு சேர்க்கும் வேலைக்குச் சாம்பல்சத்து தேவைப்படுவதால், அது குறைந்த தோட்டத்தில் காய் திரளாமல் நின்றுவிடுகிறது. அடி இலைகள் ஓரத்திலிருந்து ஆரஞ்சு மஞ்சளாகிக் காய்ந்தனவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அதுவே இக்குறையின் அடையாளம்.

அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்தி, வேர்த்தூவிகளையும் பெருகச் செய்கிறது. பாஸ்போபாக்டீரியா மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கிறது. இவற்றை நம்பித் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் ஓரளவு குறைக்கலாம், பொட்டாஷைக் குறைக்கவே கூடாது. மேலும், இவை உயிருள்ள பொருள்கள் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம், எனக்கு வருத்தம் தருவது இதுதான். யூரியாவோடு சேர்த்துப் பிசைந்தால் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மடிந்துபோகும். அடுத்த பயிருக்கு, நடும்போதும் ஐந்தாம் மாதத்திலும் மரத்துக்கு இந்த இரு உயிர் உரங்களிலும் தலா 20 கிராம் எடுத்து, நன்கு மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரமுள்ள மண்ணில் வேரருகே இட்டு மூடுங்கள். ரசாயன உரத்தை அதன்பிறகு இரு வாரம் பொறுத்தே இடுங்கள்.

கேள்வி: உயிர் உரம் மட்டும் இட்டு வளர்த்த வாழைப்பழம் கூடுதலாக இனிக்குமா?
- திருச்சி வாசகி

பதில்: உயிர் உரம் நேரடியாக இனிப்பைச் சேர்ப்பதில்லை. வேரும் இலையும் நலமாக இருந்து, சாம்பல்சத்தும் குறையாதிருந்தால் காயில் மாவுச்சத்து நிறையச் சேரும்; பழுக்கும்போது அதுவே சர்க்கரையாகிறது. முற்றாமல் வெட்டிய தாரின் பழம், எந்த உரத்தில் வளர்ந்திருந்தாலும், சப்பென்றுதான் இருக்கும். வெளியூர்ச் சந்தைக்குச் செல்லும் தாரை முக்கால் முற்றலில் வெட்டுவது வழக்கம். வீட்டுத் தோட்டத்தில் அந்த அவசரம் உங்களுக்கு இல்லை. காயின் விளிம்புகள் மழுங்கி உருண்டு வரும்வரை தாரை மரத்திலேயே விட்டுவையுங்கள்.