இசை உலகச் செய்திகளில் உங்களை மிகவும் பாதித்தது எது? ஏன்?

என்னைப் பாதித்தது ஒரு பத்திரிகை அட்டை.

2021 ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் பாடகி தீயும் கனடாவில் இருக்கும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். ‘என்ஜாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ என்று அந்த வருடம் எல்லோர் போனிலும் ஓடிய இரண்டு பாட்டுகளைச் சொல்லித்தான் அந்த அட்டை வந்தது. இரண்டுக்கும் வரி எழுதிய ராப் பாடகர் அறிவு அதில் இல்லை. காலையில் வேலைக்குப் போகும்போது தண்டையார்பேட்டை மெட்ரோவில் அதைப் பார்த்தேன். மண்ணடி வந்து இறங்கும் வரை வேறு எதையும் பார்க்க முடியவில்லை. இயக்குநர் பா. ரஞ்சித் கண்டித்து எழுதினார், பலரும் கேட்டார்கள், பிறகு அதே இதழ் அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை போட்டது. செய்தியாகப் பார்த்தால் சில நாளில் முடிந்த விஷயம். எனக்கு முடியவில்லை. அதற்குக் காரணம் என் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கொருக்குப்பேட்டையில் இருந்தார். பகலில் காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை, ராத்திரியில் கானா. அதிலும் அவரைத் தேடி வருவது பெரும்பாலும் சாவு வீட்டிலிருந்துதான். வடசென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே ஒருவர் இறந்தால் உடலை எடுப்பதற்கு முந்தின ராத்திரியோ, பதினாறாம் நாள் படத்திறப்பிலோ பந்தல் போட்டு விடிய விடியக் கானா பாடுவார்கள். அந்தப் பாட்டு இறந்தவரைப் பற்றியது. பாட வருகிறவர் முதலில் வீட்டுக்காரர்களிடம் உட்கார்ந்து கேட்பார். பேர் என்ன, அப்பா பேர் என்ன, எங்கே வேலை பார்த்தார், பிள்ளைகள் எத்தனை, யார் மேல் அதிகப் பிரியம். இதெல்லாம் பாட்டில் வர வேண்டும். “பேரு சொல்லாம பாட்டு எடுக்கக் கூடாது” என்று மாமா சொல்வார். கூட வாசிப்பவர்களின் பேரையும் விடியற்காலைக்குள் ஒரு தடவையாவது மைக்கில் சொல்லிவிடுவார்.

மைக்கேல் ஜாக்சன் இறந்தது 2009 ஜூன் 25. நமக்கு அது 26ஆம் தேதி வெள்ளிக்கிழமை விடியற்காலை. எங்கள் தெருவில் பிரேக் டான்ஸ் ஆடும் பசங்க ஒரு கும்பல் இருந்தார்கள். மதியத்துக்குள் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டார்கள். ஒரு நாற்காலியில் படத்தை வைத்து, சாமந்தி மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றி வைத்தார்கள். சாயந்திரம் மாமாவைக் கூப்பிட்டார்கள். அவர் நேராக என்னிடம் வந்தார்.

“உனுக்குத்தான் இங்கிலீஷ் பாட்டுலாம் தெரியுமே. அவரு அப்பா பேரு இன்னா? இன்னா வேலை செஞ்சாரு?”

அப்பா ஜோசப், அம்மா கேத்தரின், ஊர் கேரி, அமெரிக்காவில் எஃகு ஆலை இருக்கிற ஊர், கூடப் பிறந்து வளர்ந்தவர்கள் எட்டுப் பேர் என்று ஒரு தாளில் எழுதினேன். அப்பா எஃகு ஆலையில் கிரேன் ஓட்டினவர் என்று சொன்னபோது மாமா நிமிர்ந்து பார்த்தார்.

“நம்ம ஹார்பர்ல ஓட்டுவாங்களே, அந்தக் கிரேனா?”

அன்றைக்கு ராத்திரி மாமா அந்தக் கிரேனை வைத்துத்தான் பாட்டை ஆரம்பித்தார். கிரேன் ஓட்டினவர் மகன் உலகத்தையே தூக்கினான் என்கிற மாதிரி ஒரு வரி. டோலக் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. ஜோசப் பேர் வந்தது, கேத்தரின் பேர் வந்தது, மூன்று பிள்ளைகளும் அநாதையாக நிற்பது வந்தது. தெருப் பெண்கள் அழுதார்கள். மைக்கேல் ஜாக்சன் பாட்டை ஒரு முறைகூட முழுதாகக் கேட்டிருக்காத என் அம்மாவும் அழுதார். அந்தச் சாவுக்காக உலகம் முழுக்க எத்தனையோ அஞ்சலி நடந்திருக்கும். கொருக்குப்பேட்டையில் நடந்ததை நான் எதற்குக் கீழேயும் வைக்க மாட்டேன்.

மாமாவின் குரல் ஒரே ஒரு முறை கேசட்டில் வந்தது. 1996 என்று நினைவு. யாரோ ஒருவர் வந்து, ஒரு அறையில் உட்கார வைத்து, ஒரே பகலில் பத்துப் பாட்டு பதிவு செய்துகொண்டு போனார். ஐந்து பேருக்கும் சேர்த்து 1,500 ரூபாயும் பிரியாணியும் கிடைத்தன. எங்கேயோ கையெழுத்து வாங்கினார்கள், அதில் என்ன எழுதியிருந்தது என்று ஒருவரும் படிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து பாரிமுனையில் ஒரு நடைபாதைக் கடையில் அந்தக் கேசட்டை நான்தான் பார்த்து வாங்கி வந்தேன். அட்டையில் கடல், ஒரு படகு, ‘சென்னை கானா’ என்று பெரிய எழுத்து. பேர் எங்கேயும் இல்லை. மாமா அட்டையை வெளியே எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். “இன்னாடா இது, எங்க பேரையே காணோம்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அச்சில் எங்கேயோ மடிப்புக்குள் இருக்கும், நான் கண்டுபிடித்துக் கொடுப்பேன் என்று நினைத்துக் கேட்டார்.

அந்தக் கேள்விதான் 2021இல் மெட்ரோவில் எனக்குத் திரும்பக் கேட்டது. மாமா அப்போது இல்லை, 2014இல் போய்விட்டார்.

‘என்ஜாய் எஞ்சாமி’யின் கதை அந்த அட்டையோடு நிற்கவில்லை. 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு வந்தது, அறிவு மேடையில் இல்லை. பிறகு அவர் சமூக வலைத்தளத்தில், இதை எழுதியதும் மெட்டமைத்ததும் தான்தான் என்று நீண்ட பதிவு போட்டார். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தன் பங்கு என்ன, இது எப்படிச் சேர்ந்து உருவானது என்று பதில் எழுதினார். எங்கள் நண்பர்கள் வட்டத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டோம். அப்புறம் 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ போட்டார். பாட்டின் உரிமை முழுக்க வெளியிட்ட நிறுவனத்திடம் இருக்கிறது, தனக்கோ தீக்கோ அறிவுக்கோ அதுவரை ஒரு பைசா வரவில்லை என்றார். அதுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்த நாங்கள் அன்றைக்கு வாயடைத்துப் போனோம். கோடிக்கணக்கான தடவை பார்க்கப்பட்ட பாட்டு, மூன்று பேரும் பெயர் பெற்றவர்கள், அவர்களுக்கே இந்த நிலை என்றால் 1996இல் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்த ஐந்து பேரை நினைத்துப் பாருங்கள்.

பணம் எப்படிப் போகிறது என்று அதன்பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நாம் ஒரு பாட்டைக் கேட்டால் அதற்கான காசு பாடினவருக்கு நேராகப் போவதில்லை. ஸ்பாட்டிஃபை மாதிரி தளங்கள் மாதா மாதம் வரும் பணத்தில் ஒரு பகுதியைப் பொதுவாக ஒதுக்கி, மொத்தமாகக் கேட்கப்பட்டதில் யாருக்கு எவ்வளவு பங்கோ அந்தக் கணக்கில் உரிமை வைத்திருப்பவர்களுக்குப் பிரிக்கின்றன. பாடினவருக்கு எவ்வளவு இறங்கும் என்பது அவர் போட்ட கையெழுத்தைப் பொறுத்தது. அதோடு 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் இன்னொரு விதி. ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் பதிவுக்கான ராயல்டிக் கணக்கிலேயே வரும். போலிப் பாட்டுகளையும் சில்லறைக் கணக்குகளையும் தவிர்க்க என்று காரணம் சொன்னார்கள். எனக்கு இது வருத்தமான விதி. திருவொற்றியூரில் ஒரு பையன் வீட்டில் பதிவு செய்து ஏற்றும் கானா வருடத்துக்கு 900 பேரிடம் போய்ச் சேருகிறது என்றால், அது எங்கள் பக்கத்தில் நிரம்பி வழியும் ஒரு பந்தல்.

சட்டம் ஒரேயடியாகக் கைவிடவும் இல்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி பாட்டு எழுதினவரும் இசையமைத்தவரும், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளுக்கு வரும் ராயல்டியில் தங்களுக்குரிய சம பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்தே போட்டாலும் அது செல்லாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் கொடுக்கலாம். அந்தப் பங்கை வசூலித்துத் தர ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969 முதல் இருக்கிறது. இளையராஜா தன் பாட்டுகளுக்காக நோட்டீஸ் அனுப்பும்போதெல்லாம் ‘இவ்வளவு சம்பாதித்தவருக்கு இன்னும் என்ன வேண்டும்’ என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவேன். ஒவ்வொரு வழக்கின் நியாயமும் நீதிமன்றம் பார்க்க வேண்டியது. ஆனால் கேட்கிற வலு உள்ள ஒருவர் கேட்டால்தான் கேட்க முடியாதவர்களுக்கும் வழி திறக்கும்.

கானாவுக்கு இதிலும் ஒரு சிக்கல். யார் எழுதினது என்று தாள் வேண்டும். எங்கள் பாட்டு ஒரு சாவில் பிறந்து அடுத்த சாவில் நாலு வரி மாறி, மூன்றாவது ஊரில் வேறொருவர் வாயில் முழுசாக ஆகிறது.

என் அக்கா மகள் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் தீவிர ரசிகை. கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறாள். 2019இல் டெய்லரின் முதல் ஆறு ஆல்பங்களின் மூலப் பதிவுகள் அவர் கையை மீறி விற்கப்பட்டதையும், அதனால் அவர் நான்கு ஆல்பங்களைத் திரும்பப் பாடி வெளியிட்டதையும் அவள்தான் எனக்குப் பாடம் நடத்தினாள். 2025 மே கடைசியில் ஆறு ஆல்பங்களையும் அவரே திரும்ப வாங்கிவிட்டார் என்று செய்தி வந்த ராத்திரி, போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே ஓடி வந்தாள். “மாமா, அவ பாட்டு அவகிட்டயே வந்துடுச்சு” என்றாள். அவளை உட்கார வைத்து அந்தக் கேசட் கதையை முதல் தடவையாகச் சொன்னேன். அதற்குப் பதிலாக அவள் கேட்டது எனக்குக் கஷ்டமாக இருந்தது. “உன் மைக்கேல் ஜாக்சன் பீட்டில்ஸ் பாட்டையெல்லாம் வாங்கி வெச்சிருந்தாராமே?” உண்மைதான். 1985இல் ஏ.டி.வி. என்ற நிறுவனத்தை வாங்கினார், பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாட்டுகளில் பெரும்பகுதியின் வெளியீட்டு உரிமை அதோடு அவரிடம் வந்தது. சட்டப்படி சரியான வியாபாரம். ஆனாலும் அந்தப் பாட்டுகளை எழுதினவர்களில் ஒருவரான பால் மெக்கார்ட்னி அதை நினைத்துப் பல வருடம் வருந்தினார். நான் உயிராக நினைக்கும் ஒருவர் இன்னொருவர் பாட்டுக்கு முதலாளியாக இருந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அவளிடம் அப்படியே சொன்னேன்.

2024 ஜனவரியில் வந்த இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். ‘லால் சலாம்’ படத்தில் ஒரு பாட்டுக்காக, இறந்துபோன பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு மூலம் ஏ.ஆர். ரஹ்மான் திரும்பக் கொண்டுவந்தார். குடும்பத்திடம் அனுமதி வாங்கியதாகவும் உரிய தொகை கொடுத்ததாகவும் அவரே சொன்னார். பேரையும் போட்டார், பணமும் கொடுத்தார், ஆகவே எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பம்பா பாக்யா குரல் வந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். அந்தக் குரலில் மூச்சு வாங்கும் இடம் இருக்கும், நெஞ்சிலிருந்து கிளம்பி வரும். புதிதாக வந்ததில் குரல் இருந்தது, அந்த ஆள் இல்லை. இருந்தும் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல், மாமா குரலை இப்படிக் கொண்டுவர எத்தனை நிமிடப் பதிவு வேண்டியிருக்கும் என்று தேடினேன்.

கடைசியில் அதைச் செய்யவில்லை. பரணில் இருந்த அந்தக் கேசட்டை எடுத்தேன். டேப்பில் பூஞ்சை பிடித்திருந்தது, பழைய டேப் ரெக்கார்டரில் பெல்ட் இளகிப் போயிருந்தது. ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி பெல்ட் வாங்கினேன். அக்கா மகள் லேப்டாப்பில் பதிவு செய்தாள். பத்துப் பாட்டில் எட்டு தேறியது. போன வருடம் யூடியூபில் ஏற்றினோம். இதுவரை 640 பேர் கேட்டிருக்கிறார்கள்.

கேசட் பெட்டியைத் திறந்தபோதுதான் பார்த்தேன். அட்டையின் உள்பக்கத்தில், வெள்ளையாக இருந்த இடத்தில், மாமா பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். முதலில் டோலக் அடித்தவர் பேர், அடுத்து தபேலா, ஜால்ரா, நாலாவதாகத் தன் பேர். அந்த நான்கையும் வீடியோவின் கீழே அப்படியே போட்டிருக்கிறோம். ஐந்தாவது வரியில் ‘வியாசர்பாடி பையன்’ என்று மட்டும் இருக்கிறது. வழக்கமாகக் கோரஸ் பாடுகிறவர் அன்றைக்கு வராததால் கூட்டி வந்த பையன் என்று அம்மா சொல்கிறார். அப்போது 15, 16 வயது இருக்கலாம், இப்போது நாற்பத்தைந்தைத் தொட்டிருப்பார். பி பக்கத்தில் மூன்றாவது பாட்டில் மாமா இழுத்து நிறுத்தும் இடத்தில் அந்தப் பையன் குரல் தனியாக மேலே ஏறி நிற்கும். 1996 வாக்கில் பாரிமுனைப் பக்கம் ஒரு அறையில் ஒரே பகலில் பத்துப் பாட்டுக்குக் கோரஸ் பாடின வியாசர்பாடிக்காரர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். ஐந்தாவது வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.