1795இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையை ஆங்கிலேயரிடம் இழந்தது ஏன்?

காரணம் இங்கே இல்லை, ஐரோப்பாவில் இருக்கிறது. 1794-95 பனிக்காலத்தில் ஒல்லாந்தின் பெரிய ஆறுகள் உறைந்தன. புரட்சிப் பிரான்சின் படை அந்தப் பனிக்கட்டிமேல் நடந்தே நாட்டுக்குள் புகுந்தது. ஆட்சித் தலைவர் ஐந்தாம் வில்லியம் ஜனவரியில் இங்கிலாந்துக்குத் தப்பியோடி, பிரெஞ்சுக்காரர் கையில் சிக்காதபடி ஒல்லாந்தக் குடியேற்றங்களைப் பிரித்தானியரிடம் விடுமாறு லண்டன் அருகிலுள்ள கியூ என்ற இடத்திலிருந்து கடிதங்கள் எழுதினார். ஆகஸ்டில் திருகோணமலை வீழ்ந்தது, செப்டெம்பரில் யாழ்ப்பாணம்.

பண்ணைப் பக்கம் கோட்டையின் அந்த முருகைக்கல் மதிலைத் தொடும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான். 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டுப் பிடித்த இடம். பின்னர் ஐங்கோணமாக, அகழியோடு கட்டியெழுப்பிய கோட்டை. சண்டையே இல்லாமல் கைமாறியது. நாம் இன்றும் சொல்லும் ‘கந்தோர்’ (அலுவலகம்) ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். 1796 பெப்ரவரியில் கொழும்பும் சரணடைந்தது.