வருடா வருடம் ஏசிக்கு கேஸ் போட வேண்டுமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, வாங்கி நான்கு வருடம் ஆகிறது. பங்குனியில் போட்டதிலிருந்து சரியாகக் குளிரவில்லை, உள்ளே சுவரில் தண்ணீர் வழிகிறது. வந்து பார்த்த மெக்கானிக், கேஸ் தீர்ந்துவிட்டது, 3,500 ரூபாய் ஆகும் என்கிறார். போன வருடமும் இதையேதான் சொல்லிப் போட்டார். மறுபடியும் போடலாமா?

போடாதீர்கள் அம்மா. இப்போதைக்கு அந்தப் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

குழப்பம் 'கேஸ்' என்ற வார்த்தையிலேயே தொடங்கிவிடுகிறது. அடுப்புக்கு வரும் கேஸ் எரிந்து தீர்கிறது. அதனால் ஏசி கேஸும் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடுகிறோம். ஏசிக்குள் இருப்பது செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே வாயு சுற்றிச் சுற்றி வந்து, அறையின் சூட்டை எடுத்துக்கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். அது குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. போன வருடம் போட்ட கேஸ் எங்கே போனது என்று அவரிடமே கேளுங்கள். ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் போடுகிறவர், அடுத்த பங்குனிக்கும் உங்கள் வீட்டில் வேலையை உறுதி செய்துகொள்கிறார்.

நீங்கள் சொன்ன தண்ணீரே ஒரு துப்பு. நம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம். உள்ளே இருக்கும் 'காயில்', அதாவது கேஸ் ஓடும் வளைகுழாய், சில்லிட்டால்தான் அந்த ஈரம் அதில் படிந்து சொட்டும். ராத்திரி முழுக்க ஓடினால் வெளிக்குழாயில் ஒரு வாளி நிறைவதுகூட உண்டு. தண்ணீர் வருகிறது என்றால் கேஸ் முழுதும் போய்விடவில்லை.

அப்புறம் என்ன கோளாறு? நீடாமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் இதே புகாருக்குப் போயிருந்தேன். மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவினால் வலையே தெரியவில்லை. கம்பளி மாதிரி சாம்பல் நிறப் படலம். விரலால் உரித்தபோது துண்டாகவே வந்தது, கை அரித்தது. நெல் சுணை. சம்பா அறுவடைக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு வாரம் மிஷின் ஓடியிருக்கிறது, வாசல் ரோட்டிலும் நெல் காய்ந்திருக்கிறது. அறைக்குள் படிந்து கிடந்ததை எல்லாம் ஏசி போட்டதும் அந்த வலை இழுத்துக்கொண்டது. காற்று போக வழியில்லாமல் காயிலில் ஐஸ் கட்டி, அணைத்ததும் உருகித் தட்டுக்கு வெளியே சுவரில் வழிந்தது. குளிர் இல்லாததற்கும் ஒழுகலுக்கும் காரணம் ஒன்றே. அவர்களிடமும் கேஸ் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது, மின்பெட்டியில் ஏசிக்கான சுவிட்சை (எம்.சி.பி.) இறக்குங்கள். ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள்; வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இது தேவை. தண்ணீர் போகும் பிளாஸ்டிக் குழாயின் வெளி நுனியைப் பாருங்கள். பாசி அடைத்திருக்கும், அல்லது குளவி மண் வைத்திருக்கும். நுனி வாளித் தண்ணீருக்குள் முங்கியிருந்தாலும் உள்ளே ஒழுகும். வெளி யூனிட் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், அதன் பின்பக்கத் தகடுகளில் தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும். அதன் மூடியை மட்டும் கழற்ற வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும்.

எல்லாம் காய்ந்தபின் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். ஏசி இழுக்கும் காற்றுக்கும் ஊதும் காற்றுக்கும் சுமார் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது. ஃபில்டர் சுத்தமாக இருந்தும் மறுபடி ஐஸ் கட்டினால், அல்லது குழாய் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால், அப்போது கேஸைச் சந்தேகப்படலாம்.

இதில் ஒரு விலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் வீடு நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் மாதிரிக் கடலோரத்தில் இருந்தால் கதை வேறு. உப்புக் காற்று வெளிக் காயிலை அரித்து, ஊசி முனை அளவுக்கு ஓட்டை போடும். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வரும். அங்கே கேஸ் குறைவது பொய்யாக இருக்காது. அதற்காக வருடா வருடம் கேஸ் போடுவதும் வைத்தியம் ஆகாது. காயிலையே மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவினால் அரிப்பு தள்ளிப்போகும். கடலோர வீட்டுக்குப் புதிதாக வாங்குகிறவர்கள் காயிலுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உண்டா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். மன்னார்குடியில் இருக்கும் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

உண்மையிலேயே ஓட்டை என்றால் வேலை இப்படி நடக்க வேண்டும். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்து ஓட்டையை உங்கள் கண்ணுக்குக் காட்ட வேண்டும். அடைத்தபின் வேக்குவம் பம்ப் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். பிறகு தராசில் சிலிண்டரை வைத்து, வெளி யூனிட் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் எடைக்கே கேஸ் ஏற்ற வேண்டும். எந்த வகை கேஸ் என்பதும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். வேறு வகையைக் கலக்க விடாதீர்கள். ஆர்-32 என்று இருந்தால் அது தீப்பற்றக்கூடியது, பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. அழுத்தம் காட்டும் கேஜை மட்டும் மாட்டி, "முள் இறங்கிடுச்சு பாருங்க" என்பதை நம்பாதீர்கள். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் வேகத்துக்கு ஏற்ப அந்த முள் ஏறி இறங்கும்.

ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் படிப்பு இரண்டு வருடம். அதைப் படித்த பையன் ஊரில் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். கம்பெனிக்கு வரும் புகார்களுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட்டோ கோடையில் யாரையாவது பிடித்து அனுப்புகிறார். ஒரு நாளில் எத்தனை வீடு முடித்தான் என்பதுதான் அங்கே கணக்கு. நின்று ஓட்டையைத் தேட யாருக்கு நேரம்? விளம்பரத்தில் பெரிதாகப் போடும் பத்து வருட வாரண்டி பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

கம்பெனியைக் கூப்பிடுவதானால் வாரண்டி அட்டையில் உள்ள எண்ணையே கூப்பிடுங்கள்; இணையத்தில் தேடினால் போலி எண்கள் மாட்டும். ஓட்டை எந்த இடத்தில், கேஸ் எத்தனை கிராம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அடுத்த வருடம் மறுபடி கேஸ் இல்லை என்றால், அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். தமிழிலேயே புகார் சொல்லலாம்.