வாய் கோணியது பயிற்சியால் அல்ல

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

நீளமான கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஏற்கெனவே பக்கவாதத்தில் ஒரு கை வராமல் போன அப்பாவுக்கு, பாளையங்கோட்டையில் அதற்கான குழுப் பயிற்சி முடிந்து உட்கார்ந்திருந்தபோது வாய் கோணிப் பேச்சு குழறியது, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது, அசதி என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டீர்கள். அது அசதி இல்லை. முதலில் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், இன்றைக்கே. மீதியை அப்புறம் படிக்கலாம்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கொஞ்ச நேரம் அடைத்து, தானாகத் திறந்துகொண்டிருக்கிறது. மினி ஸ்ட்ரோக் என்பது இதைத்தான். இதற்குப் பிறகு வரும் சில நாட்களில்தான் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம். தலை ஸ்கேன், கழுத்து ரத்தக்குழாயில் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன், ஈசிஜி எல்லாம் பார்க்க வேண்டும். மறுபடி அப்படி ஆனால் சரியாகிறதா என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள், புரையேறும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. அம்பையிலிருந்து வந்து சேருவதும் ஸ்கேன் எடுப்பதும் அதற்குள் அடக்கம்.

பயிற்சியில் சட்டைப் பட்டன் போடச் சிரமப்பட்டதால்தான் இப்படி ஆயிற்றோ என்று பயப்படுகிறீர்கள். பட்டன் போட்டு யாருக்கும் பக்கவாதம் வந்ததில்லை. ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்கும் என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு, மாத்திரையை நிறுத்திப் பூண்டுப் பால் கொடுத்து வருவதாக அடுத்த பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்களே, கோபம் அங்கே போக வேண்டும். வயிறு எரிந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. பூண்டுப் பால் தாராளமாகக் குடிக்கட்டும், மாத்திரைக்குப் பதிலாக அல்ல. வராத கையில் புறா ரத்தம் தேய்ப்பதையும் இன்றோடு விடுங்கள். கொட்டாவி விடும்போது வராத கை தானாக மேலே எழும்புவது பக்கவாதக்காரர்கள் சிலருக்கு உண்டு, பயம் வேண்டாம்.

பயிற்சிக்கு வருவோம். "சின்னப் பிள்ளைய மாதிரி பட்டன் போடச் சொல்லுதாங்க, நாலு பேரு முன்னால அவமானமா இருக்கு" என்கிறாராம் அப்பா. பலசரக்குக் கடை நடத்தியவருக்கு அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? நீங்கள் ஊட்டுகிறீர்கள், சட்டை மாட்டிவிடுகிறீர்கள், அந்தக் கைக்கு வேலையே இல்லை. குழுவில் அவரை விட நாலு மாதம் முன்னால் பக்கவாதத்தில் விழுந்த ஒருவர், வராத கையை முதலில் சட்டைக்குள் நுழைத்து, பிறகு நல்ல கையை விடுவதை அப்பா பார்க்கிறார். கழற்றும்போது நல்ல கை முதலில். இதை நான் சொன்னால் அறிவுரை. பக்கத்து நாற்காலிக்காரர் திணறித் திணறிச் செய்து காட்டினால் 'நம்மாலும் முடியும்லா' என்று தோன்றும். ஒட்டிக்கோ வேட்டி கட்டினால் கௌரவம் ஒன்றும் குறையாது என்பதையும் அங்கே வருகிற நோயாளிகள்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள், என்னிடம் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு "அண்ணாச்சிக்கு வாய் ஒரு பக்கமா போகுது பாருங்க" என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவரும் கூட உட்கார்ந்திருந்த ஒரு நோயாளிதான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

எல்லாருக்கும் குழு ஒத்துவராது என்பதும் உண்மை. பேச்சு வராதவர்கள் கூட்டத்தில் ஒதுங்கிப் போவார்கள், தன்னைவிட மோசமானவரைப் பார்த்து மனம் உடைகிறவர்களும் உண்டு. அப்படியென்றால் தெரபிஸ்ட்டிடம் சொல்லிச் சில நாள் தனியாகப் பயிற்சி கேளுங்கள். அதோடு, பட்டனுக்குப் பதில் கல்லாவில் சில்லறை எண்ணுவது, பொட்டலம் மடிப்பது என்று அவர் தொழிலையே பயிற்சியாக வைக்கச் சொல்லுங்கள். சில்லறையை வீட்டிலிருந்தே கொண்டு போகலாம்.

மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு மறுபடி அனுப்புங்கள். இன்று போகும்போது, நிறுத்தி வைத்த மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள், எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.