கடனைச் சித்தப்பா கட்டப்போவதில்லை

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று மகளின் சித்தப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். அவளோ எக்ஸ்ரே துடிப்புக் கருவிகளை, அதாவது கண நேரத்துக்கு மட்டும் எக்ஸ்ரேயை வெளிவிடும் கருவிகளை, வடிவமைக்கப் படிக்க வேண்டும் என்கிறாள். கதிர்வீச்சை நினைத்தால் உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. பயம் நியாயம்தான். ஆனால் வெறும் ஆறுதல் சொல்லி அனுப்ப மனமில்லை. புரோகிராம் எழுதச் சொன்னால் முகம் சுளிக்கும் பெண்ணைக் கடன் வாங்கி அந்த வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். அந்தக் கடனைச் சித்தப்பா கட்டப்போவதில்லை.

அவள் கேட்பது என்ன தெரியுமா? மருத்துவமனை எக்ஸ்ரே குழாயில் சூடான இழை எலக்ட்ரான்களை வெளிவிடும். சிறிய துடிப்புக் கருவிகள் பலவற்றில் அந்த இழையே கிடையாது. மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர்களை இணையாக வைத்து மின்னேற்றி, தீப்பொறி இடைவெளிகள் வழியாகச் சட்டென்று தொடராக மாற்றிவிடுவார்கள். 30 கிலோவோல்ட் வீதம் 10 அடுக்கு என்றால், கணக்குப்படி 300 கிலோவோல்ட். 1920களில் எர்வின் மார்க்ஸ் என்ற ஜெர்மன் பொறியாளர் காட்டிய வழி இது. அந்த மின்னழுத்தத்தில், சூடேற்றாத கூர்முனையிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும் எலக்ட்ரான்கள் டங்ஸ்டன் உலோகத்தில் மோதுகின்றன. அந்த ஆற்றலில் நூற்றில் ஓரிரு பங்குதான் எக்ஸ்ரே, மிச்சமெல்லாம் வெப்பம். சில பத்து நானோநொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். நானோநொடி என்றால் நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் பாயும் தோட்டா, 50 நானோநொடியில் 0.045 மில்லிமீட்டர்தான் நகரும். அதனால்தான் பாயும் தோட்டாவின் எக்ஸ்ரே படம்கூடக் கலங்காமல் விழுகிறது. சந்தேகப் பொட்டலத்தைப் பிரிக்காமல் பார்க்க உதவும் பேட்டரிக் கருவிகளிலும் இந்த வகை உண்டு.

சோதிப்பது தனிக் கலை. துடிப்பு வெடிக்கும் கணத்தில் அறையெங்கும் மின்காந்த இரைச்சல். மின் சைகையைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் எகிறுவது எக்ஸ்ரேயா, கேபிள் பிடித்த இரைச்சலா? உணரிக்கு முன்னால் தடித்த ஈயத் தகட்டை வைத்து மறுபடி துடிப்பை விட்டுப் பார்ப்பார்கள். கோடு அப்படியே எகிறினால் அது எக்ஸ்ரே இல்லை. பழைய ரேடியோ ஏன் கரகரக்கிறது என்று ஒரு வாரம் குடைந்தாள் என்று அலுத்துக்கொண்டீர்களே, அந்தக் குணம்தான் இங்கே மூலதனம்.

சரி, கதிர்வீச்சு. கருவியை அணைத்தால் எக்ஸ்ரேயும் நின்றுவிடும். ஈயத் தடுப்பு, கதவு திறந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பூட்டு, சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டர் எல்லாம் உண்டு. நான் அஞ்சுவது கெப்பாசிட்டருக்குத்தான். தரையிணைப்புக் கோலால் தொட்டு மின்னிறக்கிய பிறகும் மின்னழுத்தம் மெல்லத் தலைதூக்கும். அதனால் அதன் முனைகளைக் கம்பியால் இணைத்தே வைப்பார்கள்.

எக்ஸ்ரே என்ற பெயரைப் பார்த்து ரேடியோகிராபியில் சேர்த்துவிடாதீர்கள். அது கருவியை இயக்குகிறவர்களின் படிப்பு. இவளுக்கு மின்பொறியியல் அல்லது இயற்பியல், அப்புறம் உயர் மின்னழுத்தமும் வெற்றிடத் தொழில்நுட்பமும். கல்லூரியில் உயர் மின்னழுத்த ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இளநிலை மாணவர்களைக் கைவைக்க விடுகிறார்களா என்றும் கேளுங்கள். இந்தத் துறையில் வேலைகள் குறைவு, முதுகலையும் படிக்க வேண்டியிருக்கும். ஆகவே முதல் பட்டத்திலேயே பணத்தைக் கரைக்க வேண்டாம். இதே திறமை ரேடார், லேசர், துகள் முடுக்கி வேலைகளுக்கும் கைகொடுக்கும்.

அதுவரை பழைய கேமரா ஃப்ளாஷை மட்டும் அவள் தனியாகப் பிரிக்க வேண்டாம். அணைத்து வைத்தாலும் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கும்.